விளக்கு வைத்த பின் வரும் ஓலை

விழுப்புரத்திலிருந்து உளுந்தூர்ப்பேட்டைக்குச் செல்லும் பெருஞ்சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி அமைந்த பழம்பதி திருநாவலூர். 2019-ஆம் ஆண்டு நவம்பர் 26-ஆம் நாள் தோன்றிய கள்ளக்குறிச்சி மாவட்டம் வயதில் இளையது; ஆனால் இவ்வூரின் வரலாறோ ஆயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்டது. நம் சைவச் சகோதரர் போற்றும் சுந்தரர் பிறந்த ஊர் இது. அவரைப் பற்றி இவ்வட்டாரத்துச் சிறுவரும் அறிந்த கதை ஒன்று உண்டு.

புத்தூரில் அவருக்குத் திருமணம். பந்தல் நிறைய உறவினர். மணமகன் மாலையும் கழுத்துமாக அமர்ந்திருக்கிறார். அந்த நேரத்தில் முதியவர் ஒருவர் ஓலையொன்றை ஏந்தி உள்ளே வருகிறார். “இவன் என் அடிமை. இவன் பாட்டன் எனக்கு எழுதிக் கொடுத்த ஓலை இது” என்கிறார். மணமகன் அதைப் பறித்துக் கிழித்தெறிகிறார். கிழிந்தது படி ஓலை என்றும், மூல ஓலை திருவெண்ணெய்நல்லூரில் இருக்கிறது என்றும் முதியவர் சொல்கிறார். வழக்கு அங்குள்ள அவையோர் முன் செல்கிறது, ஓலையே வெல்கிறது, திருமணம் நின்று போகிறது.

வந்த முதியவர் இறைவனே என்றும், இது அவர் தம் அடியாரை ஆட்கொண்ட அருட்செயல் என்றும் சைவர் போற்றுவர். அந்த மேலான பொருளில் நாம் கை வைக்கவில்லை. அந்தப் பந்தற் காட்சிதான் அடிக்கடி நம் நினைவுக்கு வருகின்றது. வீடு நிறைய உற்றார் கூடியிருக்க, வெளியிலிருந்து ஓர் ஓலை வந்து, “நீ இவர்களுக்கு உரியவன் அல்லன், எனக்கு உரியவன்” என்று சொன்னால் அவ்வீடு என்ன ஆகும்?

இன்று அத்தகைய ஓலை நம் வீடுகளில் நாள்தோறும், விளக்கு வைத்த பின்னரும், வந்துகொண்டேயிருக்கின்றது. கைபேசி என்பது அதன் பெயர். ஆனால் இந்த ஓலையைக் கொண்டு வருபவர் இறைவன் அல்லர்; நம் அலுவலகத்து மேலாளர்.

*ஓர் இல்லத்தில் நாம் கண்டது*

சென்ற அக்டோபர் மாதம், செபமாலை மாத வழிபாட்டின்போது, திருநாவலூருக்கு அண்மையிலுள்ள சிற்றூர் ஒன்றில் ஓர் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். கணவர் கடன் வழங்கும் தனியார் நிறுவனம் ஒன்றில் களப்பணியாளர். மனைவி பள்ளி ஆசிரியை. ஏழு வயதில் ஒரு மகன், கைக்குழந்தையாக ஒரு மகள். கடனின்றி, சண்டையின்றி, ஞாயிறு தவறாமல் ஆலயம் வரும் நல்ல குடும்பம்.

செபமாலை தொடங்கியது. முதல் பத்து மணிகளை வீட்டுத் தலைவரே சொன்னார். இரண்டாம் தேவ இரகசியத்தின் நடுவில் அவர் சட்டைப்பை அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தார், வைத்தார். மீண்டும் அதிர்ந்தது. மூன்றாம் தேவ இரகசியத்தில் அவர் எழுந்து வாசலுக்குச் சென்றார். “சார்... முடிச்சிட்டேன் சார்... பத்து நிமிஷத்துல கணக்கு அனுப்பிடறேன் சார்” என்ற குரல், ‘அருள் நிறைந்த மரியே’ என்ற குரல்களுக்கு இடையே கேட்டுக் கொண்டிருந்தது. ஐந்தாவது முடிந்து மன்றாட்டுமாலை தொடங்கும்போதுதான் உள்ளே வந்தார். அப்போது மனைவியின் கைபேசி ஒலித்தது. மறுநாள் காலைக்குள் அனுப்ப வேண்டிய மாணவர் விவரப் பட்டியல் ஒன்று.

செபம் முடிந்து தேநீர் அருந்தும்போது திண்ணையில் பிள்ளைகள் ‘அப்பா அம்மா’ விளையாட்டு விளையாடினார்கள். பக்கத்து வீட்டுச் சிறுமி மண்ணில் சோறாக்கினாள். நம் வீட்டுச் சிறுவன்தான் அப்பா. அவன் உடைந்த ஓட்டுச்சில் ஒன்றைக் காதில் வைத்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து, திண்ணையின் இந்த முனைக்கும் அந்த முனைக்குமாக நடந்தான். “சோறு ஆறுது, வாங்க” என்றாள் சிறுமி. சிறுவன் கையை உயர்த்தி அவளை அடக்கினான். பின் ஓட்டுச்சில்லிடம், “சார், சார், இதோ சார்” என்றான்.

எல்லாரும் சிரித்தோம். தந்தையும் சிரித்தார், ஆனால் அந்தச் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. நமக்கும் தேநீர் கசந்தது. அந்தச் செபமாலையின் நான்காம் தேவ இரகசியத்தில் நம் சட்டைப்பையும் ஒரு முறை அதிர்ந்தது. நாமும் கையை உள்ளே விட்டோம் என்பதை மறைப்பானேன்?

*யாருக்கெல்லாம் இந்த ஓலை?*

இது நகரத்துக் கணிப்பொறிப் பணியாளரின் துன்பம், நமக்கென்ன என்று கருதுவோர் உண்டு. அப்படியன்று. நம் ஊர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் சென்ற பிள்ளைகள் இதில் சிக்கியிருப்பது மெய்யே. நியூயார்க் நகரில் காலை 9 மணி என்றால் நமக்கு மாலை 6.30, அங்கே குளிர்காலமானால் இரவு 7.30. நம் கோவிலில் மாலைத் திரிகால மணி அடித்துக் குடும்பம் கூடும் வேளையில்தான் அங்கே அலுவலகக் கதவு திறக்கின்றது. அவர்களுக்குப் பகல் தொடங்க, நம் பிள்ளைகளுக்கு இரண்டாம் பகல் தொடங்குகின்றது.

ஆனால் வட்டாரத்தை விட்டு வெளியே போகாதவர்களும் இன்று தப்பவில்லை. ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், கிராமச் செவிலியர், கூட்டுறவுச் சங்க எழுத்தர், கடன் தவணை வசூலிப்பவர், மருந்து விற்பனையாளர், துணிக்கடைக் கணக்கர், வாடகை வண்டி ஓட்டுநர் என எவர் கையிலும் குறைந்தது ஒரு வேலைக் குழு உண்டு. பகலில் செய்த வேலையை இரவில் படம் பிடித்து, பட்டியலிட்டு, அனுப்பி, ‘அனுப்பிவிட்டேன்’ என்றும் எழுத வேண்டியிருக்கின்றது. கல்வராயன் மலைப்பகுதி போன்று அலைவரிசை சீராக எட்டாத இடங்களில் பணிபுரிவோர் பகலில் அனுப்ப முடியாததை, மலையிறங்கி வீடு வந்த பிறகு அனுப்ப நேர்கின்றது.

இந்நிலை ஒரே நாளில் வந்ததன்று. 2014 நவம்பரில் வாட்ஸ்அப்பில் இரு நீலக் கோடுகள் தோன்றின. செய்தி படிக்கப்பட்டது என்பதை அனுப்பியவர்க்கு அவை காட்டிக் கொடுத்தன. ‘பார்க்கவில்லை’ என்று சொல்லும் எளிய தற்காப்பு அன்றோடு போயிற்று. 2016 செப்டம்பரில் ஜியோ வந்தபின் இணையக் கட்டணம் வெகுவாகக் குறைந்து, குடிசையிலும் இணையம் நுழைந்தது. 2020 மார்ச்சில் கொரோனா ஊரடங்கு வந்தபோது வீடே அலுவலகமாயிற்று. ஊரடங்கு நீங்கியது, அலுவலகம் மட்டும் பலர் வீட்டை விட்டுப் போகவில்லை.

*சங்கு ஊதிய காலம்*

வேலைக்கும் வீட்டுக்கும் இடையே ஒரு கோடு வேண்டும் என்பதற்காக நம் முன்னோர் பட்ட பாட்டை இளைய தலைமுறை அறிய வேண்டும். ஆலைத் தொழில் பெருகிய காலத்தில் மனிதர் 12 மணி, 14 மணி நேரம் உழைத்தனர். 1891 மே 15-ஆம் நாள் திருத்தந்தை 13-ஆம் சிங்கராயர் தொழிலாளர் நிலை குறித்துப் புகழ்பெற்ற சுற்றுமடலை வெளியிட்டார். முதலாளிக்கும் தொழிலாளிக்கும் இடையே எத்தகைய உடன்படிக்கை ஏற்பட்டாலும், உடலுக்கும் ஆன்மாவுக்கும் போதிய ஓய்வு என்பது வெளிப்படையாகவோ, சொல்லாமலோ அதில் அடங்கிய நிபந்தனை என்று அவர் அதில் போதித்தார். எழுதாவிட்டாலும் எழுதப்பட்டதாகவே கொள்ள வேண்டிய வரி அது. அந்த வரி இல்லாத எந்த ஓலையும் செல்லாத ஓலை என்பதே இதன் பொருள்.

நம் மண்ணில் 1918 ஏப்ரல் 27-ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. திரு.வி.க. போன்றோர் அதற்கு உழைத்தனர். 1919-இல் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பு தன் முதல் உடன்படிக்கையாகவே எட்டு மணி நேர வேலையை வரையறுத்தது. 1921-இல் இந்தியா அதனை ஏற்றது. 1923 மே முதல் நாள் சிங்காரவேலர் சென்னைக் கடற்கரையில் இந்தியாவிலேயே முதன்முதலாக மே தினம் கொண்டாடினார். 1948-இல் வந்த தொழிற்சாலைச் சட்டம் வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எல்லை கட்டியது. அதற்கு மேல் வேலை வாங்கினால் இரட்டைக் கூலி என்றது. 2025 நவம்பர் 21-ஆம் நாள் நடைமுறைக்கு வந்த புதிய தொழிலாளர் சட்டத் தொகுப்பிலும் அந்த 48 மணி நேர எல்லை நிற்கின்றது. அந்த எல்லை அசையும்போது மக்கள் வாளாவிருப்பதும் இல்லை. 2023 ஏப்ரல் 21-ஆம் நாள் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழவே, மே முதல் நாளன்று அது திரும்பப் பெறப்படுவதாக அறிவிக்கப்பட்டது.

அன்று ஆலையில் சங்கு ஊதியது. ஊதியதும் தொழிலாளி வெளியே வந்தான். கூலி குறைவு, களைப்பு மிகுதி. ஆனாலும் வாசற்படியைத் தாண்டியவுடன் அவன் தன் மனைவி மக்களுக்கு உரியவனானான். இன்று சங்கு இல்லை. எட்டு மணி நேரத்துக்குப் பிறகு கைபேசியில் செய்யும் வேலை எந்த வருகைப் பதிவிலும் ஏறுவதில்லை; இரட்டைக் கூலியும் இல்லை, ஒற்றைக் கூலியும் இல்லை. இரத்தம் சிந்திப் பெற்ற கோட்டை நாம் சத்தமின்றி இழந்து வருகிறோம்.

*பத்து நிமிடந்தானே?*

“பத்து நிமிட வேலைதானே, அதனால் குடும்பம் கெட்டுவிடுமா?” என்று கேட்கலாம். அறிஞர் சிலர் ஆராய்ந்து கண்டவற்றைச் சுருக்கிச் சொல்வோம்.

ஒரு வேலையை முடிக்காமல் வேறொன்றுக்குச் செல்லும்போது, நம் கவனத்தின் ஒரு பகுதி முந்தைய வேலையிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடுகின்றது என்பதை 2009-இல் சோஃபி லெராய் என்னும் ஆய்வாளர் எடுத்துக் காட்டினார். சட்டியின் அடியில் ஒட்டிய சோறுபோல அந்த மிச்சம் மனத்தில் கிடக்கின்றது. பத்து நிமிடத்தில் பதில் எழுதிவிட்டுச் சாப்பாட்டுக்கு வந்து அமர்பவரின் கை இலையில் இருக்கும். கருத்து இன்னும் மேலாளரிடத்தில்தான் இருக்கும்.

2018-இல் வில்லியம் பெக்கர் என்னும் அமெரிக்கப் பேராசிரியரும் அவர்தம் தோழரும் வெளியிட்ட ஆய்வு இன்னும் ஒரு படி மேலே சென்றது. இரவில் வேலை செய்வதால் மட்டுமன்று, ‘எந்த நேரமும் செய்தி வரலாம், பார்த்தாக வேண்டும்’ என்ற எதிர்பார்ப்பே ஊழியரின் மனநிம்மதியைக் கெடுக்கின்றது என்றும், அது அவருடைய வாழ்க்கைத் துணையையும் தாக்குகின்றது என்றும் அது கூறிற்று. செய்தி வராத இரவும் விடுதலையான இரவு அன்று. காவற்காரன் உறங்காததற்குத் திருடன் வர வேண்டுமென்பதில்லையே!

குழந்தையின் நிலையை எண்ணுவோம். 1970-களில் எட்வர்ட் டிரோனிக் என்னும் உளவியல் அறிஞர் ஒரு சோதனை நடத்தினார். தாய் தன் சிசுவோடு கொஞ்சி விளையாடுகிறாள். பிறகு சில நிமிடங்கள் எந்த அசைவுமின்றி, முகத்தைக் கற்போல் வைத்துக்கொண்டு அதையே பார்க்கிறாள். குழந்தை முதலில் சிரித்துக் காட்டுகின்றது, கையை நீட்டுகின்றது, குரல் கொடுக்கின்றது. எதற்கும் பதில் இல்லையென்று கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டு வாடுகின்றது. தாய் எங்கும் போகவில்லை, எதிரிலேயே இருக்கிறாள். அவள் முகம் மட்டுந்தான் போய்விட்டது. கைபேசித் திரையைப் பார்க்கும் முகமும் இத்தகைய முகந்தான். நம் வீட்டுத் தொட்டிலருகே இச்சோதனையை நாம் நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கிறோம்.

உடல்நலத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உலகச் சுகாதார அமைப்பும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பும் சேர்ந்து 2021 மே மாதம் ஒரு கணிப்பை வெளியிட்டன. நீண்ட நேர வேலையின் காரணமாக 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர் என்பது அதன் முடிவு. வாரத்துக்கு 35 முதல் 40 மணி நேரம் உழைப்போரைவிட, 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்போர்க்குப் பக்கவாத ஆபத்து ஏறத்தாழ 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் மிகுதி. வீட்டுக்கு வந்தபின் செய்யும் வேலையையும் கூட்டிப் பார்த்தால் நம்மில் எத்தனை பேர் அந்த 55-ஐத் தொடுகிறோம்? மனைவி மக்களுக்காகவே உழைக்கிறோம் என்கிறோம். அந்த உழைப்பே நம்மை அவர்களிடமிருந்து பறித்துக்கொண்டால், அது கண்ணை விற்றுச் சித்திரம் வாங்கிய கதைதான்.

*பிற நாடுகள் செய்தது*

உலகம் இதை உணரத் தொடங்கிவிட்டது. 2011-இல் ஜெர்மனியின் வோல்க்ஸ்வாகன் நிறுவனம், தொழிற்சங்கத்தாரோடு ஏற்பட்ட உடன்பாட்டின்படி, ஊழியர் ஒரு சாராரின் கைபேசிகளுக்கு வேலை முடிந்த அரை மணி நேரத்துக்குப் பின் மின்னஞ்சல் செல்லாதவாறு நிறுத்தியது. பிரான்சு நாட்டில், வேலை நேரத்துக்குப் புறம்பே கைபேசியில் கிடைக்கவில்லை என்பது ஊழியரின் குற்றமாகாது என 2004-லேயே தீர்ப்பளிக்கப்பட்டது. 2017 சனவரி முதல் நாளிலிருந்து, 50 பேரும் அதற்கு மேலும் பணிபுரியும் நிறுவனங்கள் இது குறித்துத் தம் ஊழியரோடு பேசித் தீர்மானிக்க வேண்டும் என்று சட்டம் வந்தது. போர்த்துகல் நாடு 2021-இல், ஊழியரின் ஓய்வு நேரத்தில் அவரை அழையாதிருக்கும் கடமையை முதலாளி மேலேயே சுமத்திற்று. ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்டு 26 முதல், வேலை நேரத்துக்குப் பின் வரும் அழைப்பை, நியாயமான காரணமிருந்தாலொழிய, ஏற்காமலிருக்க ஊழியருக்கு உரிமை உண்டு.

நம் நாட்டிலும் முயற்சி நடந்திருக்கின்றது. மகாராட்டிரத்தைச் சேர்ந்த மக்களவை உறுப்பினர் திருமதி சுப்ரியா சுலே 2018 டிசம்பர் 28-ஆம் நாள் தொடர்பைத் துண்டிக்கும் உரிமை குறித்த தனிநபர் மசோதாவைக் கொண்டு வந்தார். 2025 டிசம்பரில் மீண்டும் கொண்டு வந்தார். ஆனால் 1970-க்குப் பின் தனிநபர் மசோதா எதுவும் நம் நாடாளுமன்றத்தில் சட்டமானதில்லை. ஆகவே சட்டம் வரும்வரை காத்திருப்போமானால், திண்ணையில் விளையாடும் சிறுவன் வளர்ந்து, தானே ஒரு கைபேசியோடு வாசலில் நடக்கத் தொடங்கிவிடுவான்.

*நாசரேத்தூர்ப் பட்டறை*

உளுந்தூர்ப்பேட்டையிலிருந்து விருத்தாசலம் செல்லும் பக்கமாகக் கோணான்குப்பம் பெரியநாயகி மாதா திருத்தலம் உள்ளது. நம்மில் பலர் நடைப்பயணமாகச் சென்ற இடம். அந்த ஆலயத்தை எழுப்பிய வீரமாமுனிவரே தேம்பாவணி என்னும் காப்பியத்தை இயற்றியவர். தமிழில் காப்பியத் தலைவர் என்றால் அரசர், வணிகர், முனிவர் என்றிருக்க, அவரோ ஒரு தச்சரைத் தலைவராக்கி 3,615 பாடல்கள் பாடினார். உளியும் இழைப்புளியும் ஏந்திய சூசையப்பரே அத்தலைவர்.

சூசையப்பர் ஓய்ந்திருந்தவர் அல்லர். நாசரேத்தூரிலும் அவசர வேலைகள் இருந்திருக்கும்; விதைப்புக்கு முன் கலப்பை வேண்டுமென்று வந்து நின்ற உழவரும் இருந்திருப்பர். எனினும் வெள்ளிக்கிழமை மாலை சூரியன் மறைந்ததும் அந்தப் பட்டறை மூடப்பட்டிருக்கும். ஏனெனில் அது யூதர்களின் ஓய்வு நாள். அந்த ஓய்வு நாள் கட்டளையைக் கவனியுங்கள்: வீட்டுத் தலைவனுக்கு மட்டுமன்று, அவன் மகனுக்கும் மகளுக்கும், வேலைக்காரனுக்கும் வேலைக்காரிக்கும், மாட்டுக்கும் கழுதைக்குங்கூட ஓய்வு என்கின்றது. எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள் என்பதை மறவாதீர்கள் என்று அதற்குக் காரணமும் காட்டுகின்றது. ஓய்வின்றி உழைப்பவன் அடிமை. ஓய்வு கொடாதவன் பார்வோன். இதுவே அக்கட்டளையின் உட்பொருள்.

இந்தச் சூசையப்பரையே திருத்தந்தை 12-ஆம் பத்திநாதர் 1955-இல் தொழிலாளரின் பாதுகாவலராக மே முதல் நாளில் கொண்டாடச் செய்தார். திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் 1981-இல் உழைப்பைப் பற்றி ஒரு மடலும், குடும்பத்தைப் பற்றி ஓர் ஏடும் வழங்கினார். உழைப்பு மனிதனுக்காக, மனிதன் உழைப்புக்காக அல்லன் என்பது முன்னதன் சாரம். குடும்பம் ஒரு சிறு திருச்சபை என்பது பின்னதன் சாரம். 2019 டிசம்பர் 29-ஆம் நாள், திருக்குடும்ப விழாவில், திருத்தந்தை பிரான்சிஸ் உணவு மேசையைப் பற்றியே பேசினார்: உண்ணும்போது நீங்கள் ஒருவரோடொருவர் உரையாடுகிறீர்களா, அன்றிக் கைபேசியில் மூழ்கியிருக்கிறீர்களா என்று குடும்பங்களைக் கேட்டார். 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தை, 13-ஆம் சிங்கராயரை நினைந்தே தாம் 14-ஆம் சிங்கராயர் என்ற பெயரை ஏற்றதாகவும், புதிய இயந்திர அறிவு மனித உழைப்புக்கு எழுப்பும் கேள்விகளைத் திருச்சபை எதிர்கொள்ள வேண்டும் என்றும் உரைத்தார். ஆலைச் சங்கின் காலத்தில் எழுந்த குரல் கைபேசிக் காலத்திலும் எழுகின்றது.

*செய்யக் கூடியவை*

கைபேசி பகைப்பொருள் என்று நாம் சொல்லவில்லை. குவைத்தில் உழைக்கும் தந்தை தன் மகளின் புதுநன்மை உடையைக் கண்டு மகிழ்வது அதனால்தான். நள்ளிரவில் பிரசவ வலி கண்ட பெண்ணுக்கு ஆம்புலன்சு வருவதும் அதனால்தான். செவிலியரும் மின்வாரியத்தாரும் அழைப்பைத் தள்ளிவிட முடியாது. ‘சார்’ என்று ஓடி எழும் களப்பணியாளரையும் நாம் குறை கூறவில்லை. அவருக்கு இரு பிள்ளைகள். வேலை போனால் அடுத்த மாதம் அடுப்பு எரியாது. ஆனால் வரும் அழைப்பெல்லாம் பிரசவ அழைப்பும் அன்று. எடுப்பதெல்லாம் மேலாளருக்கு அஞ்சியும் அன்று. அழையாமலேயே நாமாக எடுத்துப் பார்ப்பது எத்தனை முறை என்று ஒவ்வொருவரும் இரவில் மனச்சான்றை ஆராய்ந்து பார்க்கலாம்.

ஆகவே முதலாவதாக, ஒரு நேரத்தைக் குறியுங்கள். மாலைச் செபமும் இரவு உணவுமாகச் சேர்ந்த ஒன்றரை மணி நேரம் போதும். அந்நேரத்தில் எல்லாக் கைபேசிகளும், தாத்தா பாட்டியுடையது உட்பட, பீடத்தின் கீழோ மாடத்திலோ ஓரிடத்தில் இருக்கட்டும். தந்தை தம்முடையதை முதலில் வைத்தால் மகன் தன்னுடையதை வைப்பான். மகனை முதலில் வைக்கச் சொன்னால் ஒருவரும் வைக்க மாட்டார்.

இரண்டாவதாக, அந்நேரத்தை மேலாளரிடம் மரியாதையோடு சொல்லிவிடுங்கள். “7 முதல் 8.30 வரை வீட்டில் செபமும் சாப்பாடும்; உயிர் போகும் அவசரமானால் இரண்டு முறை தொடர்ந்து அழையுங்கள்; மற்றவற்றுக்கு 8.30-க்குப் பின் பதில் தருகிறேன்” என்று சொல்வதற்குச் சட்டம் வர வேண்டியதில்லை. சிலர் கடிந்துகொள்வர், பலர் ஏற்றுக்கொள்வர். அந்த மேலாளர் வீட்டிலும் ஆறிக்கொண்டிருக்கும் சோறு ஒன்று இருக்கும்.

மூன்றாவதாக, நம்மிடையே கடை வைத்திருப்போர், பள்ளி நடத்துவோர், நாலு பேருக்கு வேலை கொடுப்போர் பலர் உளர். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: நள்ளிரவில் நினைவுக்கு வந்ததை ஒரு தாளில் குறித்து வைத்துக் காலையில் அனுப்புங்கள். நமக்கு மறந்துவிடும் என்ற கவலையை ஏழைப் பணியாளரின் தலையணைக்கடியில் வைப்பது நீதியன்று.

இறுதியாக, நம் பங்குகளுக்கும் ஒரு சொல். அன்பியக் குழு, பாடகர் குழு, இளையோர் குழு, விழாக் குழு என்று நாமும் இரவு 10 மணிக்கு மேல் எத்தனை செய்திகள் அனுப்புகிறோம்! குடும்பச் செபத்தைப் பற்றி ஞாயிறு மறையுரையில் கேட்டுவிட்டு, அச்செபத்தின் நடுவே கோவில் குழுவிலிருந்தே மணி ஒலித்தால் யாரை நோவது? பிறருக்கு உரைப்பதை நாம் முதலில் கைக்கொள்வோம்.

*பின்னர் நடந்தது*

திருவருகைக் காலத்தில் அந்த இல்லத்துக்கு மீண்டும் சென்றோம். கணவர் தம் மேலாளரிடம் பேசியிருந்தார். முதலில் வசவு கிடைத்ததாம். பிறகு, “சரி, எட்டு மணிக்கு மேலாவது அனுப்பு” என்றாராம். ஒன்றரை மணி நேரம் கேட்டவருக்கு ஒரு மணி நேரமே கிடைத்தது. மாதக் கடைசியில் அதுவும் கிடைப்பதில்லை.

“முதல் வாரம் கையெல்லாம் பரபரன்னு இருந்துச்சு ஐயா. எதையோ தொலைச்சுட்ட மாதிரி” என்றார் அவர். “இப்ப அவரு சாப்பிடும்போது என்ன குழம்புன்னு தெரிஞ்சு சாப்பிடறாரு” என்றார் மனைவி. அவருடைய கைபேசியும் மாடத்தில், கணவருடையதன் பக்கத்தில் இருந்தது.

நாமும் வாசலிலேயே நம்முடையதை அணைத்துச் சிறுவனிடம் கொடுத்தோம். அவன் அதை இரு கையாலும் வாங்கிக்கொண்டுபோய், எம்பி நின்று, மற்ற இரண்டின் பக்கத்தில் வைத்தான். பிறகு ஓடிவந்து தந்தையின் மடியில் அமர்ந்து, மூன்றாம் தேவ இரகசியம் தன்னுடையது என்றான். அதைத் தந்தையும் மகனும் சேர்ந்து சொன்னார்கள். நடுவில் மாடத்தில் ஏதோ ஒன்று ஒரு முறை அதிர்ந்தது. சிறுவன் தந்தையின் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். தந்தை மணியை உருட்டி அடுத்த மன்றாட்டைத் தொடங்கினார்.